சம்பந்தியோடு ஒரே லைன்

ஈப்போவுக்குப் பக்கத்தில் செமோரில் இருந்த என் முதலாளியின் லோரி ஆபீசில் எட்டு காலண்டர்கள் தொங்கின. எட்டும் தினமும் தாள் கிழிக்கிற காலண்டர்கள். ஒன்று மளிகைக்கடைக்காரர் கொடுத்தது, ஒன்று டயர் விற்கிற சீனர் கொடுத்தது, இரண்டு கோயில் கமிட்டிக்காரர்கள் ஆளுக்கொன்றாகக் கொடுத்தவை இரண்டு, நகைக்கடை கொடுத்தது ஒன்று, மீதி மூன்றும் இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள் கொடுத்தவை. யார் நீட்டினாலும் வாங்கிக்கொள்வார். வாங்கியதை மாட்டாவிட்டால் கொடுத்தவர் பார்த்து வருத்தப்படுவார் என்று மாட்டுவார். மாட்டியதில் பழைய தேதி இருந்தால் இன்னும் வருத்தப்படுவாராம். அதனால் காலையில் ஆபீசைத் திறந்ததும் என் முதல் வேலை எட்டுத் தாள் கிழிப்பது. ஐந்தாவது தாளைக் கிழிக்கும்போதே எனக்குக் கோபம் வந்துவிடும்.

"மனசு நோகக் கூடாதுலா, தங்கச்சி" என்பார். அதுதான் அவர் வாய்ப்பாடு. யார் யார் மனசு நோகக் கூடாது என்று ஒரு பெரிய பட்டியலே வைத்திருந்தார். அந்த ஆபீசில் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்து வேலை செய்கிறவளின் மனசு அந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை.

அவரை நாங்கள் எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். நாலு லோரிக்குச் சொந்தக்காரர். ஆனாலும் முதலாளி என்று சொன்னால் கூச்சப்படுவார். ஐம்பதைத் தாண்டிய வயசு, அரைக்கை வெள்ளைச் சட்டை, எப்போதும் பாதிச் சிரிப்பு. யாராவது எதையாவது கேட்டால் முழுதாகக் கேட்டு முடிக்கும் முன்பே தலை ஆடத் தொடங்கிவிடும். பழைய ரப்பர்த் தோட்டங்களை வெட்டிச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம் அது. தோட்டத்தில் வெட்டிப் போட்ட பழக்குலைகளை ஏற்றிக்கொண்டுபோய் எண்ணெய் மில்லில் கொட்டுவதுதான் எங்கள் லோரிகளின் வேலை. வெட்டின குலை மறுநாளைக்குள் மில்லுக்குப் போய்விட வேண்டும். கிடந்தால் பழம் கெட்டுவிடும், மில்லில் வாங்க மாட்டார்கள்.

நான் அங்கே கிராணி, கணக்கு எழுதுகிற குமாஸ்தா. அதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பெரிய ஆபீசில் தெலிபோன் போர்டு பார்த்தவள். துரை பங்களா, ஆஸ்பத்திரி, மூன்று டிவிஷன்கள், ரப்பர்ப் பால் ஆலை என்று எங்கே பேசுவதானாலும் என் கைவழியாகத்தான் பேச வேண்டும். எந்தக் கம்பி மழையில் இரையும், எந்த லைனில் யார் அரை மணி நேரம் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது மேசை நாற்காலியோடு போர்டையும் கழற்றி ஏற்றிப் போய்விட்டார்கள். முப்பத்து மூன்று வயதில், நடக்க முடியாத அம்மாவோடு, செமோருக்கு வந்து இவரிடம் வேலை கேட்டேன். இவரிடம் கேட்டால் கிடைக்கும் என்று ஊரே சொல்லியிருந்தது. கிடைத்தது. அதற்கு நன்றி இல்லாமல் இல்லை. ஆனால் இல்லை என்று சொல்லத் தெரியாததால் எனக்கு வேலை கொடுத்தவர், அதே காரணத்தால் அந்த வேலையை என்னை ஒழுங்காகச் செய்ய விடவில்லை.

ஒரு டிரைவர் இருந்தான். மத்தியானம் கள்ளுக்கடைப் பக்கம் போனால் லோரியை அங்கேயே நிறுத்திவிட்டுத் தூங்கிவிடுவான். இரண்டு தடவை பழம் கெட்டுப் போனது. இவனை வேலையைவிட்டு நிறுத்தத்தான் வேண்டும் என்று அண்ணன் தானாகவே சொன்னார். சொல்லிவிட்டு, "நீ சொல்லிடும்மா, பொம்பளப் புள்ள சொன்னா கோவிச்சுக்க மாட்டான்" என்றார். நான் சொன்னேன். அவன் கோபித்துக்கொண்டு, என் பிறப்பு வளர்ப்பெல்லாம் பேசிவிட்டுப் போனான். மறுநாள் காலையில் அவன் மனைவி ஒரு கோழியோடு வந்து ஆபீஸ் வாசலில் நின்றாள். பத்து மணிக்கு அவன் மறுபடியும் லோரியில் ஏறிவிட்டான். கோழியை என்ன செய்வதென்று தெரியாமல் என் மேசைக் காலில் கட்டி வைத்தார்கள். அன்று முழுவதும் நான் அதன் எச்சத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்டவரிடம்தான் போன் லைன் தேர்ந்தெடுக்கிற பொறுப்பு வந்தது.

அதுவரை எங்களுக்குப் போன் கிடையாது. எதிர்க் கோப்பிக்கடையில் எங்களுக்குப் போன் வந்தால் கடைக்காரத் தவுக்கே நடுரோட்டில் நின்று கத்துவார், நான் ஓடுவேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பெரிய மில், மூன்று தோட்டங்களின் பழத்தை நிரந்தரமாக எங்களிடம் கொடுக்க முன்வந்தது. மில்லில் லோரிகளைக் கவனித்த கிராணி ஒரு மலாய்க்காரர், நல்ல மனிதர், வளவளவென்று பேசாதவர். அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான். ஆபீசில் சொந்தப் போன் இருக்க வேண்டும், கூப்பிட்டால் எடுக்க வேண்டும். காலையில் எந்தத் தோட்டத்துக்கு எத்தனை லோரி, எந்தத் தோட்டப்பாதையில், எந்தச் சடக்கில் உள்ளே போவது என்பதெல்லாம் போனில்தான் சொல்வார்கள். கிடைக்காவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். நாலு லோரி, நாலு டிரைவர், பழம் ஏற்றுகிற எட்டுப் பேர், நான், அண்ணன். எங்கள் எல்லோர் வீட்டு உலையும் அந்தப் போனில் இருந்தது.

அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் செமோரிலேயே கிடையாது என்று நினைத்தேன். ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வைத்தேன். தனி லைன் கேட்டால் வரிசையில் காத்திருக்க வேண்டும், ஒரு வருடமோ இரண்டு வருடமோ. கூட்டு லைன் என்றால் சில வாரங்களில் வந்துவிடும். கூட்டு லைனில் கம்பி ஒன்று, போன் இரண்டு. மணி அவரவருக்குத் தனியாக அடிக்கும். ஒருவர் பேசினால் மற்றவர் பேச முடியாது. எடுத்தால் அவர்கள் பேசுவது காதில் விழும். ஆகவே யாரோடு கூட்டு என்பதுதான் முக்கியம். எங்கள் ஆபீசுக்கு இடப்பக்கம் ஒரு சீனக் கிழவர் கடிகாரம் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். ஈப்போவிலிருந்து சாமான் வந்ததா என்று கேட்க வாரத்தில் இரண்டு போன் செய்வார், அவ்வளவுதான். அவருக்கும் கூட்டுக்கு ஆள் தேவைப்பட்டது. இப்போதைக்கு அவரோடு கூட்டு, கையோடு தனி லைனுக்கும் எழுதிப் போடுவது. இதுதான் என் முடிவு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அவருக்கு இருந்தது. வலப்பக்கம் ஜவுளிக்கடை. அது அவருடைய சம்பந்தி கடை. அவருடைய ஒரே மகளை அந்த வீட்டு மூத்த பையனுக்குத்தான் கொடுத்திருந்தார். சம்பந்தியும் போனுக்கு அலைந்துகொண்டிருந்தார்.

தாளை நன்றாகப் படித்தார். படித்துவிட்டு, "எல்லாம் சரிதான் தங்கச்சி. ஆனா சம்பந்தி பக்கத்துல இருக்கறப்ப சீனரோட கூட்டுச் சேந்தா அவுங்க என்னா நெனைப்பாங்க?" என்றார்.

எதுவும் நினைக்க மாட்டார்கள் என்றேன். நினைத்தால் நினைக்கட்டும் என்றும் சொன்னேன். இது கல்யாண உறவு இல்லை, கம்பி உறவு என்று விளக்கினேன். அந்த வீட்டில் எத்தனை பேர், அவர்களுக்கு எத்தனை ஊரில் சொந்தம் என்று எண்ணிக் காட்டினேன். தைப்பிங், சித்தியவான், தெலுக் இந்தான், தஞ்சோங் மாலிம் என்று பேராக் முழுவதும் சொந்தம். எல்லாவற்றுக்கும் தலை ஆடியது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் விண்ணப்பத்தில் சம்பந்தியின் கையெழுத்து இருந்தது. தனி லைனுக்கும் எழுதிப் போடச் சொன்னார், அது என்னைச் சமாதானப்படுத்த. கூட்டுக்கு ஆள் கிடைக்காத கடிகாரக் கிழவர் போனே வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

வேறு எந்த ஊரிலாவது, வேறு எந்தச் சாதி சனத்திலாவது இப்படி ஒரு தப்பு நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. அந்நியனோடு கூட்டு என்றால் எடுத்து, "ஹலோ, கொஞ்சம் வைங்க, அவசரம்" என்று சொல்லலாம். பெண் கொடுத்த வீட்டாரிடம் அதைச் சொல்ல முடியுமா? யாராலும் முடியாது என்கிறபோது இவரால் எப்படி முடியும்?

போன் வந்த முதல் வாரமே தெரிந்துவிட்டது. சம்பந்தி அதிகம் பேச மாட்டார். சம்பந்தியம்மா பேசுவார். ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்து சாமிக்கு விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தால் முதலில் தைப்பிங் தங்கை, பிறகு சித்தியவான் நாத்தனார். அவருடைய முழங்கால் வலி எப்போது தொடங்கியது, எந்த எண்ணெய் போட்டார், எந்த டாக்டர் சரியில்லை என்பதெல்லாம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். வேண்டுமென்று ஒட்டுக் கேட்டதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்தால் காதில் விழத்தானே செய்யும்.

அண்ணனும் எடுத்துப் பார்ப்பார். தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுவதைப் போல அவ்வளவு மெதுவாக ரிசீவரைத் திருப்பி வைப்பார். "பேசிக்கிட்டு இருக்காங்க" என்பார், எனக்கு அது தெரியாதது மாதிரி. ஒருநாள் எடுத்த நேரத்தில் தும்மல் வந்துவிட்டது. "யாரு, அண்ணனா?" என்று அந்தப் பக்கம் குரல் கேட்டது. ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டவர் முழங்காலை விசாரிக்காமல் விட முடியுமா? விசாரித்தார். தைப்பிங் தங்கையையும் விசாரித்தார். தங்கையின் வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து வந்து இவரோடு பேசினார். இருபது நிமிடம் மூன்று வீடும் ஒரே கம்பியில் குசலம் விசாரித்துக்கொண்டிருந்தன. நான் பென்சிலை மேசையில் தட்டிக்கொண்டே இருந்தேன், பென்சில் முனை உடைந்தது.

மில் கிராணி முதலில் பொறுத்துக்கொண்டார். பிறகு கேட்கத் தொடங்கினார். உங்கள் ஆபீசில் யார் அவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்றார். ஒரு தடவை நான்தான் பேசுகிறேன் என்று நினைத்து, வேலை நேரத்தில் சொந்தப் பேச்சு வேண்டாம் என்று எனக்கு அறிவுரை சொன்னார். சரி என்சே, இனிமேல் பேச மாட்டேன் என்று மரியாதையாகச் சொல்லி வைத்தேன். வேறென்ன சொல்வது? முதலாளியின் சம்பந்தி மானத்தையும் நான்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. தனி லைன் வந்தால் விடிந்துவிடும் என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பல்லைக் கடித்தது வீண்.

ஒருநாள் அவர் மேசைக் கண்ணாடியைத் துடைப்பதற்காகத் தூக்கினேன். அவருக்கு வருகிற கல்யாணப் பத்திரிகைகளையெல்லாம் அதற்கடியில்தான் வைப்பார். அவற்றுக்கு நடுவே தொலைபேசி இலாகாவின் கடிதம் இருந்தது. எங்கள் முறை வந்துவிட்டதாம், ஒரு மாதத்துக்குள் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். தேதியைப் பார்த்தேன். ஒரு மாதம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது.

அவர் வந்ததும் கடிதத்தைக் காட்டினேன். மறைக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. சம்பந்தியிடம் சொல்லாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று போய்ச் சொன்னாராம். சம்பந்தி வேண்டாம் என்று சொல்லவில்லையாம். "நீங்க போயிட்டா இந்தக் கூட்டுல வேற யாரையாவதுதான் சேக்கணும். எங்க வீட்டுப் பேச்ச அந்நியன் கேட்டா நல்லாவா இருக்கும்?" என்று மட்டும் கேட்டாராம். அதற்குமேல் அவர் என்ன செய்வார்?

"அந்தப் பேச்செல்லாம் தெனம் என் காதுலதானே விழுது அண்ணே, நான் அந்நியம் இல்லையா?" என்றேன்.

"நீ நம்ம வீட்டுப் புள்ளைம்மா" என்றார். மெய்யாகவே மனசார சொன்னார். அவரைப் பிடித்து உலுக்கிவிடலாம் போல இருந்தது. கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அது துக்கத்தில் வந்த அழுகை இல்லை, ஆத்திரம்.

பிறகு நான் புதிதாக ஒரு விண்ணப்பம் எழுதினேன். கையெழுத்துப் போடுகிறேன் என்றார். சம்பந்தி வீட்டு விசேஷம் முடியட்டும் என்றார். தீபாவளி போகட்டும் என்றார். இல்லை என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. அந்தத் தாள் அவர் மேசையில் மஞ்சளானது.

அடுத்த வருடம் மழை பலமாகப் பிடித்துக்கொண்டது. மூன்று தோட்டங்களில் ஒன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. போக வர ஒரு மரப்பாலம்தான். மூன்று நாள் மழையில் ஆறு பாலத்தைத் தொட்டுக்கொண்டு ஓடியது, பாலத்தை மூடிவிட்டார்கள். அந்தப் பக்கம் அன்று வெட்டின குலையெல்லாம் சடக்கோரத்தில் கிடந்தது. மறுநாள் இருட்டுவதற்குள் ஏற்றிக்கொண்டு வராவிட்டால் எப்போது ஏற்றுவது என்று யாருக்கும் தெரியாது. பாலத்தைத் திறந்துவிட்டதும் காலையில் கூப்பிடுகிறேன், நாலு லோரியும் தயாராக இருக்கட்டும் என்று மில் கிராணி முந்தின நாளே என்னிடம் சொல்லியிருந்தார். நிதானமான குரலில் இன்னொன்றும் சொன்னார். இன்னொரு தடவை லைன் கிடைக்காவிட்டால் சுங்கை சிப்புட்டில் வேறு ஆள் காத்திருக்கிறார், இந்த ஒருநாள் வேலை மட்டுமல்ல, மூன்று தோட்டமும் அவருக்குப் போய்விடும் என்றார். அதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன். சம்பந்தி வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள் என்றேன். தலை ஆடியது.

மறுநாள் ஏழரைக்கே டிரைவர்கள் நாலு பேரும் வந்துவிட்டார்கள். ஒன்பது மணிக்குப் போனை எடுத்துப் பார்த்தேன். சம்பந்தியம்மா பேசிக்கொண்டிருந்தார். ஒன்பதேகாலுக்கும் பேசிக்கொண்டிருந்தார். ஒன்பதரைக்கும். கோப்பிக்கடையை மூடி ஆறு மாதமாகியிருந்தது. ஒரு டிரைவரைத் தபால் ஆபீஸ் போனுக்கு அனுப்பினேன். மழையில் எல்லாத் தோட்டமும் மில்லைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தன, லைன் கிடைக்கவில்லை என்று நனைந்துகொண்டு திரும்பி வந்தார்.

"சொல்லி வச்சீங்களா அண்ணே?" என்று கேட்டேன்.

ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அந்த நேரத்தில் சொல்வது நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டாராம். இப்போது போய்ச் சொல்லுங்கள் என்றேன். டிரைவர்களும் சொன்னார்கள். எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டார். பக்கத்துக் கடைக்கு ஐந்து காலடி, அதற்குக் குடை. போய்விட்டார்.

பத்து நிமிடம் ஆனது. எடுத்துப் பார்த்தேன், பேச்சு நிற்கவில்லை. பதினைந்து நிமிடம் ஆனது. இருபது நிமிடம் கழித்து வந்தார். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் வாழையிலை மூடிய தட்டு. தட்டில் கேசரி.

"பசியாறிட்டுத்தான் போவணும்னு சொல்லிட்டாங்க. கோப்பி கலக்கிட்டாங்க" என்றார். "சின்ன மவனுக்குப் பொண்ணு பேசிக்கிட்டு இருக்காங்கம்மா. தெலுக் இந்தான் எடம். நல்ல காரியம்லா. நடுவுல எப்புடி நிறுத்தச் சொல்றது?"

இருபது நிமிடம் அந்தப் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கோப்பி குடித்துவிட்டு வந்திருக்கிறார். டிரைவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கேசரியைப் பார்த்தார்கள். பழம் ஏற்றுகிறவர்கள் லோரிக்கடியில் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தது சன்னல் வழியாகத் தெரிந்தது. நான் எழுந்து நடந்தேன். எங்கே என்று அவர் கேட்டபோது நான் வாசலைத் தாண்டிவிட்டிருந்தேன்.

ஜவுளிக்கடையின் உள்ளே, பின்னல் துணி விரித்த முக்காலியில் போன் இருந்தது. சம்பந்தியம்மா ஒரு கையால் முழங்காலைத் தேய்த்தபடி பெண்ணின் படிப்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா, மில்லிலிருந்து போன் வர வேண்டும், கொஞ்சம் வையுங்கள் என்றேன். பொறு என்று கையைக் காட்டினார். இரண்டாம் தடவையும் கேட்டேன், இதில் பதினாலு குடும்பத்துப் பிழைப்பு இருக்கிறது என்றேன். போனைக் கையால் பொத்திக்கொண்டு, "அண்ணனே இப்பத்தான் வந்து ஒண்ணும் சொல்லாம போறாரு. நீ யாரு வந்து சொல்றதுக்கு?" என்றார்.

குனிந்து, ரிசீவர் வைக்கிற இடத்தில் இருந்த குமிழை விரலால் அழுத்தினேன். லைன் வெட்டுப்பட்டது. பன்னிரண்டு வருடம் போர்டு பார்த்த காலத்தில் பேசிக்கொண்டிருந்த ஒருவர் லைனையும் நான் வெட்டியதில்லை. ரிசீவரை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு வந்தேன்.

நான் ஆபீஸ் படியில் கால் வைத்தபோது எங்கள் மணி அடித்தது. மில் கிராணிதான். கடைசித் தடவையாக அடித்துப் பார்க்கிறேன் என்றார். பாலம் திறந்திருக்கிறது, கிழக்குச் சடக்கில் போங்கள், நாலு லோரியும் வேண்டும். பத்தே நிமிடத்தில் லோரிகள் கிளம்பின. சாயங்காலத்துக்குள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு குலை மிச்சமில்லாமல் ஏற்றி வந்துவிட்டார்கள். பாலத்தைப் பிறகு மறுபடியும் மூடினார்கள். மூன்று தோட்டமும் எங்களிடமே இருக்கும் என்று மில்லிலிருந்து மறுநாள் சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை.

ஆனால் தெலுக் இந்தான்காரர்கள், நல்ல காரியம் பேசுகையில் பேச்சு நடுவில் அறுந்தது சகுனம் சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த இடம் நின்றுபோனது. மறுநாள் சாயங்காலம் அண்ணனுடைய மகள் கையில் ஒரு வயதுக் குழந்தையோடும் ஒரு பையோடும் வந்துவிட்டாள். "ஒங்கப்பன் வீட்டுக் கிராணி எங்க வீட்டு போன வெட்டுவா, நீ மட்டும் இங்க ஒக்காந்து சாப்புடுவியா?" என்று கேட்டு மாமியார் அனுப்பியிருந்தார். புருஷன்காரன் வாயைத் திறக்கவில்லையாம். ஆபீசுக்கு மேல்மாடிதான் அண்ணன் வீடு. குழந்தை அழுகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

நானே மாடிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேனா, நியாயம் சொல்லப் போனேனா என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெண் என்மேல் கோபப்படவில்லை. குழந்தைக்குப் பால் ஆற்றிக்கொண்டே, "நீங்க செஞ்சது சரிதான்கா. ஆனா நான் அங்கதானே இருக்கணும்?" என்றாள். நான் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

மூன்று நாள் அண்ணன் காலையிலும் சாயங்காலமும் பக்கத்துக் கடைக்குப் போய்வந்தார். கோப்பி கொடுத்ததாகத் தெரியவில்லை. நாலாம் நாள் ஐந்து மணிக்கு, டிரைவர்கள் போன பிறகு, என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். அந்தப் பாதிச் சிரிப்பு இல்லை. தலையும் ஆடவில்லை.

"நாளையிலேர்ந்து நீ வர வேணாம், தங்கச்சி" என்றார்.

மூன்று தோட்டம் யாரால் கையில் இருக்கிறது என்று கேட்டேன்.

"ஒன்னாலதான். இல்லேங்கல. நாலு டிரைவரும் ஒன்னாலதான் சாப்புடறாங்க. ஆனா நீ இந்த நாற்காலியில இருக்கற வரைக்கும் எம்மவ அந்த வீட்டுப் படி ஏற முடியாது. அவுங்க சொல்லிட்டாங்க. அதான்."

என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். குரல் தடுமாறவில்லை, இழுக்கவில்லை, வேறு யாரையும் விட்டுச் சொல்லவில்லை. மூன்று வருடமாக நான் அவரிடம் மன்றாடியது இதற்குத்தான். ஒரே ஒரு ஆளிடம், ஒரே ஒரு தடவை, முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று. சொல்ல முடிகிற மனிதர்தான் அவர். அது தெரிந்தபோது வேலை போனதைவிட அதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது.

அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே பையை எடுத்தேன். வாசல் வரை வந்துவிட்டேன். மனசு கேட்கவில்லை. நான் போன பிறகு அந்தப் போனை யார் எடுப்பார்கள், அடுத்த மழைக்கு என்ன செய்வார்கள் என்ற கவலை அந்த நேரத்திலும் போகவில்லை. திரும்பி, தனி லைனுக்கு எழுதின தாள் உங்கள் மேசையில்தான் இருக்கிறது, இன்றைக்காவது கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள் அண்ணே என்றேன்.

அவர் தலை பழையபடி ஆடத் தொடங்கியது.

"செய்யணும் தங்கச்சி, செய்யணும். சம்பந்திகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு அனுப்பிடறேன்" என்றார்.